முழங்காலைத் தட்டினால் கால் ஏன் உதறுகிறது? தசை நீட்சி அனிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி, நர்சிங், மருத்துவம் படிக்கும் மாணவர்கள் கேட்பதும், பக்கவாதம் வந்தவர்கள், முதுகெலும்பில் அடிபட்டவர்கள் ஆகியோரின் வீட்டார் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்கும் விதம்தான் வேறு. இரண்டையும் இங்கே சேர்த்தே வைத்திருக்கிறேன். தண்டுவடம் என்றால் மூளையிலிருந்து தசைக்குப் போகும் கம்பிக்கட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தசை நீட்சி அனிச்சையைக் கிட்டே போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. எதைத் தூண்டுவது, எதை அடக்குவது, எவ்வளவு என்று ஓயாமல் கணக்குப் போடும் இடம் அது. அதிலும் அடக்குவதுதான் பெரிய வேலை. அந்த அடக்கம் கெட்டுப்போகும்போது ஒரு மனிதர் என்ன பாடு படுகிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுற்றுகள் வெறும் பாடமாகத் தெரியாது.

டாக்டர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் ஏன் தானாக எகிறுகிறது?

சுத்தியல் விழும் இடம் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தசைநாண். அந்த நாண் உள்ளே அமுங்கும்போது, அதோடு இணைந்திருக்கும் முன்தொடைத் தசை சட்டென்று கொஞ்சம் நீளுகிறது. மிகச் சிறிய நீட்சிதான், ஆனால் வேகமானது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் அதைப் பிடித்துத் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. சேதி கொண்டுவரும் நரம்பு நார், அதே தசையை இயக்கும் நியூரானை (நரம்பணுவை) நேராகவே தொடுகிறது. அந்த நியூரான் சுடுகிறது, அதாவது மின்துடிப்பு விடுகிறது; தசை சுருங்குகிறது, கால் எகிறுகிறது. நீண்ட தசையைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவருவதே இந்தச் சுற்றின் வேலை.

உணரியிலிருந்து வரும் நாருக்கும் இயக்க நியூரானுக்கும் நடுவே ஒரே ஒரு சினாப்ஸ்தான், அதாவது ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் சேதி கைமாற்றும் சந்திப்பு. உடம்பில் இதைவிடச் சுருக்கமான அனிச்சைச் சுற்று கிடையாது.

முழங்கால் அனிச்சைக்கான நியூரான்கள் தண்டுவடத்தின் எல் 2 முதல் எல் 4 வரையான பகுதியில் இருக்கின்றன (சி என்பது கழுத்து, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழுள்ள திரிகப் பகுதி). கணுக்கால் அனிச்சைக்கு எஸ் 1, முழங்கை மடக்கும் பைசெப்ஸுக்கு சி 5, சி 6, நீட்டும் டிரைசெப்ஸுக்கு முக்கியமாக சி 7. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். எனவே எல் 4 என்ற தண்டுவடப் பகுதி எல் 4 எலும்புக்குள் இல்லை. வெகு மேலே இருக்கிறது. எக்ஸ்ரே பார்க்கும்போது இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

மூளைக்கு இதில் வேலையே இல்லையா?

அந்த உதறலை உண்டாக்குவதில் இல்லை. தட்டியதிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிநொடிக்குள் தொடைத்தசையில் மின்செயல் தெரிந்துவிடும். "தட்டியது தெரிந்ததும் காலை நீட்டுங்கள்" என்று சொல்லி நாமாகச் செய்யச் சொன்னால் 150 மில்லிநொடிக்கு மேல் ஆகும். தட்டிய சேதி மூளைக்கும் போகத்தான் செய்கிறது. அது போய்ச் சேரும் முன்பே தொடைத்தசை வேலையைத் தொடங்கிவிடுகிறது.

அந்த உதறல் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே நிர்ணயித்து வைப்பதில் மூளைக்கு மிகப் பெரிய பங்கு உண்டு. கீழே வரும் கேள்விகள் பலவற்றுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

கையில் தசை திடீரென்று இழுக்கப்பட்டால் முதல் அனிச்சைக்குப் பின் 50, 60 மில்லிநொடி அளவில் இன்னொரு அலை வரும். அதில் மூளைப்புறணியும் சேர்கிறது. "இழுத்தால் விட்டுவிடு" என்று சொல்லி வைத்தால் ஒரு மாதிரியும், "இழுத்தால் எதிர்த்துப் பிடி" என்று சொல்லி வைத்தால் வேறு மாதிரியும் அந்த இரண்டாவது அலை மாறும். முதல் அலை அதற்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது.

சூட்டில் கை பட்டதும் இழுத்துக்கொள்கிறோமே, அதுவும் இதுதானா?

இல்லை. அது வலியால் வரும் விலகல் அனிச்சை. மெல்லிய, வேகம் குறைந்த நார்கள். நடுவே பல நியூரான்கள். பல தசைகள் சேர்ந்து செய்யும் வேலை. பள்ளிப் பாடத்தில் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதால் வந்த குழப்பம் இது.

தசை நீண்டது என்று எது கண்டுபிடிக்கிறது?

மஸில் ஸ்பிண்டில் என்ற உணரி. இரு முனையும் மெலிந்து நடுவே பருத்த, சில மில்லிமீட்டர் நீளமுள்ள உறை. அதற்குள் சில மெல்லிய தசைநார்கள் சாதாரணத் தசைநார்களுக்கு இணையாகப் படுத்திருக்கும். இணையாக இருப்பதால்தான் தசை நீளும்போது இதுவும் நீளுகிறது, தசை சுருங்கும்போது இதுவும் தளர்கிறது. கழுத்தின் ஆழத்திலுள்ள சிறு தசைகளிலும் கைவிரல்களின் சிறு தசைகளிலும் இவை மிக நெருக்கமாக இருக்கின்றன. நுணுக்கமாக அசைய வேண்டிய இடங்கள் அல்லவா.

ஸ்பிண்டிலின் நடுப்பகுதியைச் சுருள்போலச் சுற்றியிருப்பது ஒன்-ஏ என்ற தடித்த நரம்பு நார். மனித உடலில் விநாடிக்கு 60 மீட்டருக்கு மேல் சேதி கடத்தக்கூடிய நார் அது. தசை எவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதையும், அதைவிட முக்கியமாக எவ்வளவு வேகமாக நீளுகிறது என்பதையும் அது சொல்கிறது. இரண்டாம் வகை நார்கள் என்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் நீளத்தை மட்டும் சொல்லும். அதனால்தான் நாணை விரலால் மெதுவாக அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை; சட்டென்று தட்ட வேண்டியிருக்கிறது.

இழுவிசை மின்சேதியாக மாறுவது பியேசோ 2 என்ற புரத வாயில் திறப்பதால். பியேசோ வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-இல் டேவிட் ஜூலியஸுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. பிறவியிலேயே பியேசோ 2 வேலை செய்யாத சிலர் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டால் தங்கள் கை கால் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நீட்சியை உணர்வது சுத்தியல் சோதனைக்காக மட்டும் உள்ள வசதி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காமா நரம்பு எதற்கு? ஆல்ஃபா மட்டும் போதாதா?

தசையைச் சுருக்குவது ஆல்ஃபா இயக்க நியூரான். தசை சுருங்கியதும் அதற்கு இணையாக இருக்கும் ஸ்பிண்டில் தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு வரும் சிறு நீட்சி அதற்குத் தெரியாது. காமா நியூரான்கள் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் நார்களின் இரு முனைகளையும் சுருக்கி, நடுப்பகுதியை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கின்றன. தசை எந்த நீளத்தில் இருந்தாலும் உணரி விழிப்போடு இருக்க இதுவே காரணம்.

இந்தக் காமா நார்களின் வேலையை 1945-இல் தெளிவாகக் காட்டியவர் ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல். பிற்பாடு காமா கத்தி என்ற கதிர்வீச்சுக் கருவியை உருவாக்கியவரும் அவர்தான். இரண்டிலும் காமா என்ற பெயர் வந்தது தற்செயல்.

காமாதான் முதலில் சுட்டு ஸ்பிண்டிலைத் தூண்டி, அதன் வழியாக ஆல்ஃபாவைக் கிளப்புகிறது என்று 1950-களில் ஒரு கருத்து பலமாக இருந்தது. உப்சாலாவில் ஓகே வால்போவும் கார்ல்-எரிக் ஹாக்பார்த்தும் மெல்லிய ஊசி மின்முனையை விழித்திருக்கும் மனிதர்களின் நரம்புக்குள்ளேயே செலுத்திப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். வால்போ பார்த்தபோது, ஒருவர் தானாக விரலை மடக்கும்போது தசை வேலை தொடங்கிய பிறகே ஸ்பிண்டிலின் சுடல் கூடியது. அப்படியானால் ஆல்ஃபாவும் காமாவும் சேர்ந்தே கட்டளை பெறுகின்றன. பழைய கருத்து அதோடு முடிந்தது.

ஒரே சினாப்ஸ்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1875-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்பால் இருவரும் தனித்தனியாக முழங்கால் உதறலைப் பற்றி எழுதினார்கள். எர்ப் அதை அனிச்சை என்றார். வெஸ்ட்பால் ஒப்புக்கொள்ளவில்லை, அனிச்சையாக இருக்க முடியாத அளவு வேகம், தசையே நேரடியாகத் துடிக்கிறது என்பது அவர் எண்ணம். அன்றைக்கு அது மோசமான வாதம் இல்லை.

அப்புறம் சார்லஸ் ஷெரிங்டன். சினாப்ஸ் என்ற பெயரை 1897-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர். 1924-இல் சக ஆய்வாளர் லிடெலுடன் சேர்ந்து, பூனைகளில் தசையை இழுத்தால் அந்தத் தசையே சுருங்குகிறது, முதுகு வேரை (உணர்வுச் சேதி தண்டுவடத்துக்குள் நுழையும் நரம்புவேரை) வெட்டினால் அது மறைகிறது என்று காட்டினார். தசை நீட்சி அனிச்சை என்ற கருத்து முழு உருவம் பெற்றது அங்கேதான். 1943-இல் டேவிட் லாய்டு, தண்டுவடத்துக்குள் சேதி நுழைந்து வெளியேற ஆகும் நேரத்தை அளந்தார். ஒரு சினாப்ஸைத் தாண்டத் தேவைப்படும் நேரம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதற்கு மேல் அங்கே மிச்சமில்லை. இரண்டாவது நியூரான் புகுவதற்கு இடமே இல்லை.

1960-களின் கடைசியில் மெண்டெல், ஹென்னமன் என்ற ஆய்வாளர்கள் பூனையில் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரு தசையிலிருந்து வரும் ஒற்றை ஒன்-ஏ நார், அந்தத் தசையின் 300 அளவிலான இயக்க நியூரான்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தொடுகிறது. ஒவ்வொரு தொடுதலின் பலமும் மிகச் சிறியது. பல நார்கள் ஒரே நேரத்தில் சுட்டால்தான் நியூரான் எழும். சுத்தியல் அதைத்தான் செய்கிறது: எல்லா ஸ்பிண்டில்களையும் ஒரே கணத்தில் உலுக்குகிறது. இயல்பு வாழ்க்கையில் அப்படி ஒரு கூட்டு உலுக்கல் அபூர்வம் என்பதால், சுத்தியலுக்கு வரும் உதறலை வைத்து அன்றாட அசைவில் இந்தச் சுற்று செய்யும் வேலையை எடை போடக்கூடாது.

முன்தொடை சுருங்கும்போது பின்தொடை ஏன் எதிர்க்கவில்லை?

எதிர்க்கவிடாமல் தண்டுவடமே அடக்கிவிடுகிறது. முன்தொடையிலிருந்து வரும் அதே ஒன்-ஏ நார் ஒரு கிளையை ஓர் இடைநியூரானுக்கும் (இரு நியூரான்களுக்கு நடுவே நின்று சேதி கடத்தும் நியூரானுக்கும்) அனுப்புகிறது. அந்த இடைநியூரான் கிளைசின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டுப் பின்தொடையின் இயக்க நியூரானை அடக்கும்.

இது நரம்பியலின் திசையையே மாற்றிய சுற்று. 1951-இல் நியூசிலாந்தின் டனீடினில் ஜான் எக்கிள்ஸும் அவர் குழுவினரும் உயிருள்ள பூனையின் இயக்க நியூரானுக்குள் முதல் தடவையாகக் கண்ணாடி மின்முனையைச் செலுத்தினார்கள். சினாப்ஸில் நடப்பது நேரடி மின்பரிமாற்றம் என்று அதுவரை விடாப்பிடியாக வாதாடியவர் எக்கிள்ஸ். பின்தொடை நியூரானுக்குள் மின்முனையை வைத்துக்கொண்டு முன்தொடை நரம்பைத் தூண்டினால், அவர் கருத்துப்படி வரவேண்டிய திசைக்கு நேர் எதிராக மின்னழுத்தம் போனது. வேதிப்பொருள்தான் என்று ஏற்றுக்கொண்டு தன் பழைய கருத்தைக் கைவிட்டார். 1963-இல் நோபல் பரிசு. தோற்ற கொள்கையை அவ்வளவு வெளிப்படையாக விட்டுக்கொடுத்தவர்கள் குறைவு; அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

இந்த இடைநியூரானுக்கு மூளையிலிருந்து இறங்கும் பாதைகளும் வந்து சேர்கின்றன. நீங்களாகக் காலை நீட்டும்போதும் மூளை இதே சுற்றைப் பயன்படுத்தித்தான் பின்தொடையைத் தளர்த்துகிறது. கனமான பெட்டியைத் தூக்கும்போது இரு பக்கத் தசைகளும் சேர்ந்து விறைக்க வேண்டும். அப்போது இந்த அடக்கத்தை மூளையே குறைத்துவிடும்.

அடக்கும் நியூரான்கள் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்?

இதற்கான பதில் நம் ஊர் மரத்திலேயே இருக்கிறது. எட்டி மரத்தின் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு, கிளைசின் வந்து அமரும் ஏற்பிகளை அடைத்துவிடும். அதன் பிறகு தண்டுவடத்தில் தூண்டலுக்குத் தடை இல்லை. கதவு சாத்தும் சத்தம், ஒரு தொடுதல் போதும். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் விறைத்து வில்லாக வளையும். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றையொன்று எதிர்த்துச் சுருங்கும். நினைவு தப்பாது என்பதுதான் கொடுமை. மூச்சுத் தசைகளும் விறைத்துப்போவதால் உயிர் போகிறது. "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்ற பழமொழியைச் சொல்லும் நமக்கு அதைத் தொடக்கூடாது என்று தெரியும். நாட்டு மருந்து என்று யார் சொன்னாலும் எட்டிக்கொட்டையை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

ரணஜன்னியும் இதே இடத்தைத்தான் தாக்குகிறது, வேறு வழியில். காயத்தில் வளரும் டெட்டனஸ் கிருமியின் நஞ்சு இயக்க நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கு ஏறி, அங்கிருந்து பக்கத்திலுள்ள அடக்கும் நியூரான்களுக்குள் நுழைந்து, கிளைசினும், அதைப்போலவே அடக்கும் வேதிப்பொருளான காபாவும் வெளிவரத் தேவையான புரதத்தை வெட்டிவிடும். தாடை கட்டிக்கொள்வதில் தொடங்கி முதுகு வளைவது வரை எல்லாம் அடக்கம் இழந்த தண்டுவடத்தின் விளைவு. அதே குடும்பத்தைச் சேர்ந்த போட்டுலினம் கிருமியின் நஞ்சும் இதே மாதிரிப் புரதங்களைத்தான் வெட்டுகிறது. அது தண்டுவடத்துக்குப் போகாமல் நரம்பு தசையைத் தொடும் முனையிலேயே தங்கிவிடுவதால் தசை தளர்ந்துபோகிறது. ஒரே வகை வெட்டு, நேர் எதிரான விளைவு.

2015-இல் இந்தியா தாய்–சேய் ரணஜன்னியை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும், 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி என்ற ரணஜன்னித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது.

ரென்ஷா செல் என்பது என்ன?

இயக்க நியூரான் தசைக்குப் போகும் வழியில் தண்டுவடத்துக்குள்ளேயே ஒரு கிளையைத் திருப்பிவிடும். அது ரென்ஷா செல்லைத் தொடும். ரென்ஷா செல் அதே இயக்க நியூரானையும் அக்கம்பக்கத்து நியூரான்களையும் அடக்கும். மேலே சொன்ன ஒன்-ஏ இடைநியூரானையும் அடக்கும். அடக்குபவரையே அடக்கும் ஏற்பாடு. 1940-களில் இதைக் கண்ட பேர்ட்சி ரென்ஷா 1948-இல் போலியோவில் இறந்தார். தான் ஆராய்ந்த இயக்க நியூரான்களையே அழிக்கும் நோய் அது.

கோல்கி உணரி தசை கிழியாமல் காப்பாற்றுகிறது என்று படித்தோமே?

பழைய பாடம். தசையும் நாணும் சேரும் இடத்தில் இருக்கும் கோல்கி உணரி நீளத்தை அல்ல, இழுவிசையை அளக்கிறது. பேராபத்து வந்தால்தான் சுடும் என்று முன்பு நினைத்தார்கள். உண்மையில் ஒருசில தசைநார்கள் சுருங்கினாலே அது சுடும். ஆகவே அது எப்போதும் வேலையில் இருக்கும் விசைமானி. ஓய்வில் இருக்கும் பூனையில் அதன் சேதி அதே தசையை அடக்குகிறது. நடக்கும்போது, கால் தரையில் பாரத்தைத் தாங்கும் நேரத்தில், அதே சேதி அந்தத் தசையைத் தூண்டுகிறது. உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுற்று தன் விளைவையே தலைகீழாக மாற்றிக்கொள்கிறது. தேர்வில் "பாதுகாப்பு அனிச்சை" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். புரிந்துகொள்ள இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அனிச்சை பார்க்கும்போது விரல்களைக் கோத்து இழுக்கச் சொல்கிறார்களே, ஏன்?

ஹங்கேரி மருத்துவர் எர்னோ யெண்ட்ராசிக் 1885-இல் சொன்ன உத்தி. இரு கை விரல்களைக் கொக்கியாகக் கோத்து வெளிப்பக்கம் இழுக்கும்போது முழங்கால் அனிச்சை பலமாகும். பல்லைக் கடித்தாலும் இப்படி ஆகும். கவனத்தைத் திருப்புவதால் என்று சிலர் சொல்வார்கள். அது மட்டும் காரணம் இல்லை. காமா வழியாக ஸ்பிண்டில் விறைப்பாகிறது என்று நெடுங்காலம் கற்பித்தார்கள். மனித நரம்பில் ஊசி வைத்துப் பதிவு செய்தபோது, தளர்ந்திருக்கும் தசையில் ஸ்பிண்டில் சுடல் கூடவில்லை. ஸ்பிண்டிலைத் தவிர்த்துவிட்டு நரம்பையே மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் ஹெச் அனிச்சையும் இந்த உத்தியால் பெரிதாகிறது. ஆகவே மாற்றம் நடப்பது தண்டுவடத்துக்குள்தான்.

ஹெச் அனிச்சை என்பது 1910-களில் பால் ஹோஃப்மன் விவரித்தது. முழங்காலுக்குப் பின்னால் உள்ள நரம்பில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் சுமார் 30 மில்லிநொடி கழித்துக் கெண்டைக்காலில் பதில் வரும். இந்தச் சுற்று எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க இன்றைக்கும் இதுதான் முதல் கருவி.

எனக்கு அனிச்சையே வரவில்லை என்றார் டாக்டர். பயப்பட வேண்டுமா?

அது ஒன்றை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களிடமும் அனிச்சை குறைவாகவோ துடிப்பாகவோ இருக்கும். 0 முதல் 4 வரை எழுதுவார்கள். 2 என்பது சராசரி. வயதானவர்களுக்கு இரு கணுக்காலிலும் வராமல் போவது சாதாரணம். மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது இடமும் வலமும் ஒத்திருக்கிறதா, மேலும் கீழும் பொருந்துகிறதா, முன்பு இருந்தது இப்போது மாறியிருக்கிறதா என்பதைத்தான்.

ஒரு பக்கக் கணுக்காலில் மட்டும் வரவில்லை, காலில் வலியும் இறங்குகிறது என்றால் எஸ் 1 நரம்புவேர் அழுந்தியிருக்கலாம். சர்க்கரை நோயில் நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் கணுக்கால் அனிச்சை சீக்கிரம் போய்விடும். பாதத்தில் மரமரப்பும் சேர்ந்திருந்தால் உடனே காட்டுங்கள். தைராய்டு குறைவில் அனிச்சை வரும், ஆனால் தசை திரும்பித் தளர நேரம் எடுக்கும். சில நாட்களுக்குள் கால் பலவீனம் மேலேறிக்கொண்டே வந்து, அனிச்சைகளும் மறைந்தால் அது கியான்–பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசை வரை போகக்கூடியது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதுகில் அடிபட்டபோது கால் துவண்டு கிடந்தது. சில வாரம் கழித்து இறுகிப்போய்த் துள்ளுகிறது. ஏன்?

வீட்டார் கேட்பதில் மிகவும் நியாயமான கேள்வி இது. மூளையிலிருந்து இறங்கும் பாதைகள் கட்டளை மட்டும் கொண்டுவருவதில்லை. செரடோனின், நார்அட்ரீனலின் போன்றவற்றை வெளியிட்டு இயக்க நியூரான்களை எழுப்பி வைக்கின்றன. அடக்கும் சுற்றுகளையும் சரியான அளவில் நடத்துகின்றன. அடிபட்டதும் இந்த வரத்து நின்றுவிடுகிறது. காயத்துக்குக் கீழே உள்ள நியூரான்கள் மயங்கிக் கிடக்கின்றன, அனிச்சையும் வராது. இதைத் தண்டுவட அதிர்ச்சி என்பார்கள்.

நாட்கள் போகப் போக அந்த நியூரான்கள் தாமாகவே எழப் பழகுகின்றன. செரடோனின் ஏற்பிகள் செரடோனின் வராமலேயே இயங்கத் தொடங்குகின்றன. ஒருமுறை தூண்டினால் நியூரான் நெடுநேரம் சுட்டுக்கொண்டே இருக்கிறது. இன்னொரு பக்கம், நியூரானுக்குள் இருக்கும் குளோரைடை வெளியேற்றும் பம்புகள் குறைந்துபோகின்றன. காபாவும் கிளைசினும் வந்தாலும் முன்போல அடக்க முடிவதில்லை. ஒன்-ஏ முனையிலேயே சேதியை வடிகட்டும் தடுப்பும் பலவீனமாகிறது. எழுச்சி திரும்பியது, அடக்கம் திரும்பவில்லை. வேகமாக இழுத்தால் இறுக்கம் கூடுவதும், மெதுவாக மடக்கினால் ஓரளவு இணங்குவதும் இதனால்தான். ஒன்-ஏ நார் வேகத்தைத்தானே சொல்கிறது.

அவர் கால் தானாக ஆடுகிறது. குணமாகிறது என்று அர்த்தமா?

இதற்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். பாதத்தை மேல்நோக்கித் தள்ளினால் கெண்டைத்தசை நீண்டு சுருங்குகிறது. தளர்ந்ததும் பாதம் மறுபடி மேலே போகிறது. மறுபடி நீட்சி, மறுபடி சுருக்கம். விநாடிக்கு 5 முதல் 7 தடவை ஆடும் இதற்குக் குளோனஸ் என்று பெயர். காயத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. மூளையின் கட்டளை இறங்கி வருகிறது என்பதற்குச் சாட்சி இல்லை. நீங்கள் சொல்லும்போது அவர் கட்டைவிரலை அசைக்க முடிகிறதா, நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சிறு அசைவு, பெரிய துள்ளலைவிட நூறு மடங்கு நல்ல செய்தி.

துள்ளலும் இறுக்கமும் திடீரென்று கூடினால் காரணம் தேடுங்கள். சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், மலச்சிக்கல், சதைக்குள் வளர்ந்த நகம் என ஏதாவது உறுத்தல் இருக்கும். அவருக்கு வலி தெரியாது, தண்டுவடத்துக்குத் தெரியும்.

இறுக்கத்தைக் குறைக்கத் தரும் பேக்லோஃபென் மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

பெரும்பாலும் தண்டுவடத்தில். ஒன்-ஏ நாரின் முனையில் காபா-பி ஏற்பிகள் இருக்கின்றன. பேக்லோஃபென் அங்கே அமர்ந்து கால்சியம் உள்ளே வருவதைக் குறைக்கும். தூண்டும் குளூட்டமேட் குறைவாக வெளியாகும். தொலைந்துபோன அடக்கத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் மருந்து. மூளைக்கும் போவதால் தூக்கக் கலக்கம் வரும். அதனால்தான் தேவைப்பட்டால் பம்பு வைத்துத் தண்டுவட நீரிலேயே சிறு அளவில் செலுத்துகிறார்கள். இதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது: வலிப்பு, மனக்குழப்பம், கடும் இறுக்கம் வரலாம். மாத்திரை தீரும் முன்பே வாங்கி வையுங்கள்.

இறுக்கம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். சிலர் அந்தக் கால் விறைப்பை ஊன்றித்தான் எழுந்து நிற்கிறார்கள். எவ்வளவு குறைப்பது என்பதை அவர் எப்படி உட்கார்கிறார், எழுகிறார், உடை மாற்றுகிறார் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்ட்ரெட்சிங் ஏன் மெதுவாகச் செய்யச் சொல்கிறார்கள்?

துள்ளித் துள்ளி இழுத்தால் ஒன்-ஏ நார்கள் சுட்டு, நீட்ட வேண்டிய தசையே சுருங்கப் பார்க்கும். மெதுவாக இழுத்துப் பிடித்தால் அந்தத் தொல்லை குறைவு. இறுக்கம் உள்ள நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். வேகமாக இழுப்பவர் நோயாளியோடு மல்லுக்கட்டத்தான் வேண்டியிருக்கும்.

நடக்கும்போதும் இந்த அனிச்சை அதே பலத்தில் இருக்குமா? பயிற்சியால் மாற்ற முடியுமா?

1980-களில் கபடே, ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் கெண்டைக்காலின் ஹெச் அனிச்சையை நிற்கும்போதும் நடக்கும்போதும் ஓடும்போதும் அளந்தார்கள். நிற்கும்போது பெரிது, நடக்கும்போது சிறிது, ஓடும்போது இன்னும் சிறிது. நடையின் ஒரே அடிக்குள்ளும் மாறும்: பாதம் ஊன்றி உடல் முன்னே போகும்போது ஏறும், கால் காற்றில் வீசும்போது ஏறக்குறைய மறைந்துவிடும். வீசும் நேரத்தில் கெண்டைத்தசை சுருங்கினால் கட்டைவிரல் தரையில் இடித்துவிடும் அல்லவா. பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிவிடுகிறது. கால் விரல் இடறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பல வருடப் பழக்கமும் இதை மாற்றும். டென்மார்க் அரச பாலே குழுவின் நடனக் கலைஞர்களிடம் அளந்தபோது ஹெச் அனிச்சை மற்ற விளையாட்டு வீரர்களைவிடச் சிறியதாக இருந்தது. 1993-இல் வெளியான ஆய்வு அது. முன்பாதத்தில் நிற்க இரு பக்கத் தசைகளையும் சேர்த்து விறைக்க வேண்டும். அப்போது ஒன்-ஏ சேதி அதிகம் உள்ளே வந்தால் நடுக்கம்தான் வரும்.

வேண்டுமென்றே மாற்ற முடியுமா என்று கேட்டவர் அமெரிக்காவின் ஜோனதன் வோல்பா. அனிச்சை பெரிதானால் பரிசு, அல்லது சிறிதானால் பரிசு என்று குரங்குகளைப் பழக்கினார். பல வாரங்களில் அனிச்சை மாறியது, அந்த மாற்றம் தண்டுவடத்திலேயே பதிந்தது. அப்படிப் பதிய, மூளைப்புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பெரும்பாதை தேவை என்று எலிகளில் தெரிந்தது. தண்டுவடம் முழுதாக அறுபடாமல் இறுக்கத்தோடு நடந்துகொண்டிருந்தவர்களுக்கு ஐகோ தாம்ப்சனும் வோல்பாவும் இதே பயிற்சியைக் கொடுத்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். திரையில் தங்கள் ஹெச் அனிச்சையின் அளவைப் பார்த்தபடி அதைக் குறைக்கப் பழகினார்கள். எல்லோருக்கும் வரவில்லை. வந்தவர்கள் வேகமாக நடந்தார்கள், இரு கால்களின் தாளமும் முன்பைவிட ஒத்துப்போனது. தாங்கள் நடப்பதில் ஏதோ எளிதாகியிருக்கிறது என்று அவர்களில் பலர் யாரும் கேட்காமலேயே சொன்னார்கள்.